மாதா பாட்டும் காதல் பாட்டும்: இடைக்கால ஐபீரியப் பாடல்களுக்கு ஓர் அறிமுகம்

இடைக்கால ஸ்பெயின் இசை என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தில் தொடங்கும், சிறிய முழவு ஒன்று சேரும், அடியில் நீளமான ஒரு சுருதி ஓடும், அதன் மேல் ஒரு பெண் குரல் எழும். கேட்பவர்களில் ஒருவர் இதை அரபு இசை என்பார், இன்னொருவர் கத்தோலிக்கக் கோயில் பாட்டு என்பார், வேறொருவர் யூதர்களின் நாட்டுப்புறப் பாட்டு என்பார். மொழி ஸ்பானிஷ் என்பதில் மட்டும் மூவருக்கும் சந்தேகம் இருக்காது. அதே பாட்டின் மூலச் சுவடியைத் திறந்தால் ஒற்றை வரிச் சுரமும் அதன் கீழே சொற்களும்தான் இருக்கும். ஊத், முழவு, சுருதி எதுவும் எழுதப்பட்டிருக்காது. மொழியும் பெரும்பாலும் ஸ்பானிஷ் அல்ல.

குழப்பத்துக்குக் காரணம், நான்கைந்து தனித்தனி மரபுகள் ஒரே பெயரின் கீழ் விற்கப்படுவதுதான். அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். அப்போது இன்னொன்றும் தெரியும்: பக்திப் பாட்டு, காதல் பாட்டு என்ற கோடு நாம் நினைக்கும் இடத்தில் ஓடவில்லை.

எந்த ஊர், எந்தக் காலம்

ஐபீரியா என்றால் இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் சேர்ந்த தீபகற்பம். இங்கே நாம் பேசுவது ஏறத்தாழ 1100 முதல் 1400 வரையான காலம். வடக்கே காஸ்டில்-லியோன், போர்ச்சுக்கல், அரகோன்-கத்தலோனியா போன்ற கிறிஸ்தவ அரசுகள். தெற்கே முஸ்லிம் ஆட்சியில் இருந்த பகுதிக்கு அல்-அந்தலூஸ் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அது கிரனாடா வட்டாரமாகச் சுருங்கியது. 1492இல் அதுவும் முடிந்தது.

அன்றைக்கு அரசின் மொழி ஒன்று, பாட்டின் மொழி இன்னொன்று. காஸ்டில் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ (ஆட்சி 1252–1284) சட்டத்தையும் வரலாற்றையும் காஸ்டிலியனில், அதாவது இன்றைய ஸ்பானிஷின் மூதாதை மொழியில் எழுதவைத்தார். பாட்டு என்று வந்தால் அவரும் வடமேற்கு மூலையின் கலீசிய-போர்த்துகீசியத்துக்குத் தாவிவிடுவார். இன்றைய கலீசியத்துக்கும் போர்த்துகீசியத்துக்கும் பொதுவான தாய்மொழி அது. கத்தலோனியக் கவிஞர்கள் தெற்குப் பிரான்சின் ஆக்சிட்டானில் எழுதினார்கள். அல்-அந்தலூஸில் அரபும் எபிரேயமும். தேவாலயத்துக்குள் லத்தீன்.

கான்டிகா: ஒரு சொல், நான்கு வகை

கான்டிகா என்பது கலீசிய-போர்த்துகீசியத்தில் பாட்டு. உலகியல் கான்டிகாக்கள் மூன்று வகை.

கான்டிகா தே அமோர்: ஆண் குரல். எட்டாத உயரத்தில் இருக்கும் ஒரு சீமாட்டியை நோக்கி ஏங்குவது. தெற்குப் பிரான்சின் அரசவைப் பாட்டிலிருந்து வந்த பாணி.

கான்டிகா தே அமிகோ: பெண் குரல். இங்கே அமிகோ என்றால் காதலன். அவள் அம்மாவிடமோ தோழியிடமோ கடல் அலையிடமோ பேசுவாள். எழுதியவர்கள் ஆண்கள். பெண் குரலைக் கேட்டதும் பெண் கவிஞர் என்று முடிவு கட்டுவது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

மூன்றாவது வசைப்பாட்டு. மறைமுகமாகக் குத்தினால் எஸ்கார்னியோ, பெயர் சொல்லித் திட்டினால் மால்திஸேர். இதில் அரசரும் எழுதுவார், கூலிப் பாடகரும் எழுதுவார், யாரும் தப்புவதில்லை.

இம்மூன்றிலுமாகச் சுமார் 1,680 பாடல்களின் சொற்கள் கிடைத்திருக்கின்றன. நான்காவது வகை, மாதா மேல் பாடிய கான்டிகாஸ் தே சாந்தா மரியா. அல்ஃபோன்சோவின் அரசவையில் உருவான இந்தத் தொகுப்பில் 420 பாடல்கள் (சில இருமுறை வருவதால் வரிசை எண் 427 வரை போகும்). பெரும்பாலானவை மாதா செய்த அற்புதங்களைச் சொல்லும் கதைப்பாட்டுகள். ஒவ்வொரு பத்தாவது பாட்டும் கதை இல்லாத துதி. தேவாலய வழிபாட்டில் பாடும் லத்தீன் பாட்டுகளோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது. பொருள் பக்தி, மொழி அரசவைக் காதல் பாட்டின் மொழி, வடிவம் ஆட்டப் பாட்டின் வடிவம்.

பாடல் எப்படிப் பின்னப்படுகிறது

கும்மியடிக்கும்போது ஒருத்தி புது வரியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் தெரிந்த வரியைத் திருப்பிப் பாடுவார்கள். புது வரி தெரிய வேண்டியது ஒருத்திக்கு மட்டும்தான், கூட்டத்துக்குத் திரும்ப வரும் வரி போதும். ஐபீரியப் பாடல்களில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. அப்படித் திரும்ப வரும் பகுதியை இங்கே பல்லவி என்கிறேன்.

அமிகோ பாட்டில் இது எப்படி இயங்குகிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். கலீசியாவின் விகோ கடற்கரையைப் பாடிய மார்ட்டின் கோடாஷ் என்ற கவிஞரின் பாட்டு ஒன்று. பல்லவி: "ஐயோ கடவுளே, அவன் சீக்கிரம் வருவானா!" இனி வரிகள்:

விகோ கடலின் அலைகளே, என் அமிகோவைக் கண்டீர்களா? (பல்லவி)
பொங்கும் கடலின் அலைகளே, என் அமாதோவைக் கண்டீர்களா? (பல்லவி)
என் அமிகோவைக் கண்டீர்களா, நான் பெருமூச்சு விடுவது அவனுக்காக. (பல்லவி)
என் அமாதோவைக் கண்டீர்களா, எனக்குப் பெருங்கவலை அவனால். (பல்லவி)

இரண்டு வரியும் பல்லவியும் சேர்ந்தது ஓர் அடி. முதல் அடியும் இரண்டாம் அடியும் சொல்வது ஒன்றே, இயைபு மட்டும் வேறு. முதலாவதில் விகோ–அமிகோ, அதாவது இ–ஓ. இரண்டாவதில் லெவாதோ (பொங்கும்)–அமாதோ, அதாவது ஆ–ஓ. அமிகோ, அமாதோ இரண்டுக்கும் பொருள் அன்பன்தான். இப்படி ஜோடி ஜோடியாகப் போவதற்கு இணைநடை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் அடி முதல் அடியின் கடைசி வரியில் தொடங்குகிறது, நான்காம் அடி இரண்டாம் அடியின் கடைசி வரியில். இதன் பெயர் லெய்ஷா-பிரேன், விட்டுப் பிடித்தல். நம் அந்தாதி உடனே ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டிலேயே தொடரும், இங்கே ஓர் அடி தாண்டித்தான் பிடிக்கும். இரண்டு சரடுகள் ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டி முன்னேறுகின்றன.

கணக்குப் போட்டால் தெரியும்: பாடப்படுவது 12 வரி, அதில் பல்லவி நீங்கலாகச் சொல்லப்படும் விஷயம் மூன்றே மூன்று. அலைகள், அவனைப் பார்த்தீர்களா, அவனுக்காக வாடுகிறேன். இன்னொரு ஜோடி வேண்டுமானால் புதிதாக ஒரே ஒரு விஷயம் போதும். இதைத் தாளில் மட்டும் படிக்கும் சிலர் "சொன்னதையே சொல்கிறது" என்று நடு அடிகளை வெட்டி மொழிபெயர்க்கிறார்கள். அதோடு பாட்டும் போய்விடும். காத்திருப்பது நீள்கிறது என்பதை அந்தத் திரும்பல்தான் சொல்கிறது.

மாதா பாட்டுகளின் வடிவம் வேறு. பத்தாவது பாட்டான துதியைப் பாருங்கள். "ரோசாக்களின் ரோசா, பூக்களின் பூ, சீமாட்டிகளின் சீமாட்டி, தலைவிகளின் தலைவி" என்பது பல்லவி. அதன் இரு வரிகளும் ஓரேஸ் என்று முடியும்: ஃப்ரோரேஸ், சென்யோரேஸ். அடுத்து வரும் அடியில் நான்கு வரி. முதல் மூன்றும் எர் என்று முடியும்: பரெசேர், பிராசேர், செயேர். நான்காவது வரி தோஓரேஸ் என்று பல்லவியின் ஓசைக்குத் திரும்பும். அந்த ஓசை காதில் விழுந்ததும் கூட்டத்துக்குப் புரிந்துவிடும், அடுத்தது நம் முறை. இந்த மூன்று-ஒன்று அமைப்புக்கு ஸஜல் என்று பெயர். அரபுப் பெயர்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெட்டு இந்த இயைபோடு ஒட்டிப் போவதில்லை என்பதுதான் அழகு. பல பாட்டுகளில் அடியின் முதல் இரு வரிகளுக்குப் புது மெட்டு, கடைசி இரு வரிகளுக்குப் பல்லவியின் மெட்டு. ஆகவே மூன்றாவது வரியில் மெட்டு வீடு திரும்பிவிடும், இயைபு இன்னும் வெளியே நிற்கும். நான்காவது வரியில்தான் இரண்டும் சேரும்.

இதுவரை: அமிகோ பாட்டு இரட்டைச் சரடாக முன்னேறும். மாதா பாட்டு வெளியே போய்ப் பல்லவிக்குத் திரும்பும். இரண்டிலும் கூட்டம் சேர்ந்து பாட ஓர் இடம் உண்டு.

பக்தியும் காதலும் கலக்கும் இடங்கள்

அல்ஃபோன்சோ மாதா பாட்டு மட்டும் எழுதியவர் அல்லர். அவர் பெயரில் 44 உலகியல் பாட்டுகள் உண்டு, வசைகளும் அதில் அடக்கம். மாதா தொகுப்பின் முன்னுரையில் தன்னை மாதாவின் த்ரோபதோராக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். த்ரோபதோர் என்றால் அரசவையில் பாட்டு இயற்றும் கவிஞர். மேலே சொன்ன ரோசாப் பாட்டின் முடிவில், அவள் அன்பு கிடைத்தால் மற்ற காதல்களைப் பேயிடம் கொடுத்துவிடுவேன் என்கிறார். அமோர் பாட்டின் காதலன் பேசும் பேச்சு இது, ஆள் மட்டும் மாறியிருக்கிறது. 420 பாட்டும் அவர் கையால் எழுதியவை என்று எண்ணிவிடக் கூடாது. கவிஞர்களும் பாடகர்களும் எழுத்தர்களும் சேர்ந்த ஒரு பட்டறையின் வேலை அது. அரசர் தானும் எழுதினார், மற்றதை எழுதவைத்துச் சரிபார்த்தார்.

மெட்டுகளும் கை மாறின. 340ஆவது மாதா பாட்டு, கதெனெத் என்ற ஆக்சிட்டான் கவிஞரின் விடியல் பாட்டின் மெட்டில் அமைந்தது. விடியல் பாட்டு என்றால், கள்ளமாகக் கூடிய காதலர்களுக்குப் பொழுது விடிந்ததை அறிவிக்கும் பாட்டு. அதே மெட்டில் இப்போது மாதாவே விடியல். 422ஆவது பாட்டின் மெட்டோ, தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் இரவில் பாடப்பட்ட சிபில் பாட்டிலிருந்து, அதாவது சிபில் என்ற பண்டைய தீர்க்கதரிசினி இறுதித் தீர்ப்பைச் சொல்லும் பாட்டிலிருந்து வந்தது. இருக்கும் மெட்டுக்குப் புதுச் சொல் கட்டுவதற்கு இசை வரலாற்றில் கான்ட்ராஃபாக்டம் என்று பெயர். அக்காலத்தில் அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை.

எட்டாவது பாட்டின் கதை இதை இன்னும் நேரடியாகச் சொல்கிறது. ரொக்கமதூர் கோயிலில் ஓர் ஊர்சுற்றிப் பாடகர் ஃபிடில் வாசித்துப் பாடிவிட்டு, ஒரு மெழுகுவத்தி தரச் சொல்லி மாதா சிலையிடம் கேட்கிறார். வத்தி இறங்கி வந்து ஃபிடில் மேல் உட்காருகிறது. பொருட்காவலரான துறவி, "மந்திரக்காரன்" என்று திட்டி அதைப் பிடுங்கிக் கட்டி வைக்கிறார். பாடகர் மறுபடி பாடுகிறார், வத்தி மறுபடி இறங்குகிறது. கதையின் தீர்ப்பு பாடகர் பக்கம். கோயிலுக்குள் ஃபிடிலோடு நிற்கும் கூலிப் பாடகரைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள், அவருக்காக வாதாட ஓர் அரசவையும் இருந்தது.

சொல் 1,680, மெட்டு 13

உலகியல் பாட்டுகளில் இசைக்குறியோடு நமக்குக் கிடைத்தவை 13 மட்டுமே. மாதா பாட்டுகளிலோ ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மெட்டு உண்டு. "அதனால் அன்றைய இசை பக்தி இசைதான்" என்று முடிவு கட்டுபவர்கள் சுவடி எப்படித் தயாரானது என்பதைப் பார்க்க வேண்டும்.

தோல் சுவடியில் முதலில் எழுத்தர் சொற்களை எழுதுவார், மேலே இசைக்கு இடம் விட்டு. பிறகு அந்த இடத்தில் கோடுகள் இழுக்கப்படும். மூன்றாவதாக, குறி எழுதத் தெரிந்தவர் சுரங்களை வைப்பார். ஓவியர் வேலை தனி. ஒவ்வொரு படிக்கும் வேறு ஆள், வேறு கூலி. பணம் நின்றால் வேலை அந்தப் படியிலேயே நிற்கும்.

லிஸ்பனில் உள்ள அஜூதா தொகுப்பு அமோர் பாட்டுகளின் பெரிய சுவடி. அதில் இசைக்கு இடம் விட்டிருக்கிறது, ஒரு சுரம்கூட இல்லை. மற்ற இரு பெரிய தொகுப்புகள் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் அஞ்செலோ கொலோச்சிக்காகப் படியெடுத்தவை, அவற்றில் சொல் மட்டும். 1914இல் மாட்ரிட் புத்தக வியாபாரி பெத்ரோ விந்தெல், சிசரோ நூல் ஒன்றின் அட்டைக்குள் ஒட்டியிருந்த தோல் தாளைக் கண்டெடுத்தார். கோடாஷின் ஏழு பாட்டுகள் அதில் இருந்தன, ஆறுக்கு இசைக்குறியோடு. இன்று அது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. 1990இல் ஹார்வி ஷாரர் என்ற அறிஞர், லிஸ்பனின் தோரே தோ தோம்போ ஆவணக் காப்பகத்தில், ஒரு பழைய பதிவேட்டின் உறையாக இருந்த தாளில் போர்ச்சுக்கல் அரசர் தினிஸின் ஏழு அமோர் பாட்டுகளைச் சிதைந்த இசைக்குறியோடு கண்டார். ஆறும் ஏழும் பதின்மூன்று. இரண்டுமே அட்டைத் தோலாகப் பயன்பட்டதால் பிழைத்தவை.

கோடாஷின் ஏழில் மெட்டு இல்லாதது ஆறாவது. விகோவின் தேவாலய முற்றத்தில் ஒரு பெண் ஆடுவதைச் சொல்லும் பாட்டு அது.

மாதா பாட்டுகளின் கதை நேர்மாறு. அரசரின் பணம், அரசரின் பட்டறை. நான்கு சுவடிகள் இருக்கின்றன: இரண்டு மாட்ரிட் அருகே எல் எஸ்கோரியல் அரச மடத்தின் நூலகத்தில், ஒன்று மாட்ரிட் தேசிய நூலகத்தில், ஒன்று ஃபுளோரன்சில். ஃபுளோரன்ஸ் சுவடியில் கோடுகள் இழுத்திருக்கிறது, சுரம் இல்லை. அல்ஃபோன்சோவின் கடைசிக் காலத்தில் மகனோடு ஏற்பட்ட அரசியல் மோதலில் வேலை நின்றுபோயிருக்க வேண்டும். 1284இல் எழுதிய உயிலில், தன்னை அடக்கம் செய்யும் தேவாலயத்தில் இந்தப் புத்தகங்களை வைக்கவும், மாதாவின் திருநாள்களில் பாடவும் சொன்னார். பாதுகாப்பு அங்கே தொடங்கியது. காதல் பாட்டுக்கு அப்படி உயில் எழுத யாரும் இல்லை.

இதுவரை: காதல் பாட்டில் மெட்டு குறைவு என்பது பாடியவர்களைப் பற்றிய செய்தி அன்று, தோல் வாங்கியவர்களையும் காப்பாற்றியவர்களையும் பற்றியது.

அல்-அந்தலூஸ்: வடிவம் உண்டு, மெட்டு இல்லை

ஸஜல், அந்தலூஸியப் பேச்சு அரபில் எழுதிய பல்லவிப் பாட்டு. அதன் பெரும் கவிஞர் கோர்தோபாவின் இப்ன் குஸ்மான் (இறப்பு 1160). அதன் உறவினர் முவஷ்ஷஹ், செவ்வியல் அரபிலோ எபிரேயத்திலோ எழுதுவது, வழக்கமாக ஐந்து அடி. கடைசி வரிகளுக்குக் கர்ஜா என்று பெயர். அங்கே மட்டும் நடை சட்டென்று பேச்சு மொழிக்கு இறங்கும், பெரும்பாலும் ஒரு பெண் காதலனைப் பற்றிப் புலம்புவாள். சில கர்ஜாக்கள் அரபும் உள்ளூர் லத்தீன்வழி மொழியும் கலந்தவை. 1948இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்ற அறிஞர் எபிரேயப் பாட்டுகளின் முடிவிலிருந்து இவற்றை அடையாளம் காட்டியபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அமிகோ பாட்டின் பெண் குரல் இங்கிருந்து போனதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உயிரெழுத்து இல்லாத எழுத்துமுறையில் எழுதப்பட்டதால் ஒரே கர்ஜாவை நாலு பேர் நாலு விதமாகப் படிக்கிறார்கள்.

மாதா பாட்டின் இயைபு அமைப்பு ஸஜலோடு பொருந்துகிறது, அதில் ஐயமில்லை. மெட்டும் அரபு மெட்டுதானா என்பது வேறு கேள்வி. 1922இல் ஹூலியான் ரிபெரா என்ற ஸ்பானிய அரபு அறிஞர் அப்படித்தான் வாதாடி, பழைய சுரக்குறிகளைத் தன் கொள்கைக்கு ஏற்ப இன்றைய இசைக்குறியில் பெயர்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அல்-அந்தலூஸிலிருந்து எழுதி வைத்த மெட்டு ஒன்றுகூட இல்லை. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் அந்தலூஸிய இசை என்று பாடப்படுவது வாய்வழி மரபு. நூற்றாண்டுகளில் அது எவ்வளவு மாறியது என்று அளக்க வழியில்லை.

செபார்தி யூதப் பாட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை. 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் மொராக்கோவிலும் ஒட்டோமான் ஊர்களிலும் பாடியவை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் சேகரிக்கப்பட்டன. சில கதைப்பாட்டுகளின் சொல் மிகப் பழையது, மெட்டுகளில் பெரும்பாலானவை பிற்காலத்தவை. இசைத்தட்டின் உறையில் "இடைக்காலம்" என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

மலைமேல் ஆடிய யாத்ரிகர்கள்

கத்தலோனியாவின் மோன்செராத் மடத்தில் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த ஒரு சுவடி, பின்னாளில் போட்ட சிவப்பு உறையால் சிவப்புப் புத்தகம் என்று பெயர் பெற்றது. பத்துப் பாட்டுகள் அதில் இருக்கின்றன, லத்தீனிலும் கத்தலானிலும் ஆக்சிட்டானிலும். ஏன் எழுதினோம் என்று அதிலேயே குறிப்பு உண்டு: இரவுக் கண்விழிப்பின்போது யாத்ரிகர்கள் பாடவும் ஆடவும் ஆசைப்படுகிறார்கள், பகலில் முற்றத்திலும் அப்படியே. ஆகவே அவர்களுக்குத் தகுந்த, ஒழுக்கமான பாட்டு தருகிறோம், இதை அளவோடு பாடட்டும். ஆட்டத்தைத் தடுக்க முடியாத மடம் பாட்டை மாற்றிக் கொடுத்தது. சிலவற்றின் மேல் வட்டமாக ஆடுவதற்கென்று குறிப்பே இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பத்தைத்தான், எளிதில் மனதில் ஏறும்.

பதிவுகளைக் கேட்கும்போது

சுவடியில் சுரத்தின் உயரம் பெரும்பாலும் தெளிவு. நீளம்தான் தகராறு. மாதா பாட்டுச் சுவடிகளில் நீள்குறியும் குறுங்குறியும் வடிவத்தால் வேறுபடுகின்றன, ஆனால் அவற்றை மூன்றன் கணக்கில் எண்ணுவதா, இரண்டன் கணக்கில் எண்ணுவதா என்பதில் பாட்டுக்குப் பாட்டு வாதம். 1943இல் இசை வரலாற்றறிஞர் இஹினியோ ஆங்லேஸ் இன்றைய இசைக்குறியில் வெளியிட்ட பெயர்ப்பு இன்றும் பலருக்கு ஆதாரம், ஆனால் அதைக் கடைசித் தீர்ப்பாக யாரும் கொள்வதில்லை. கோடாஷின் பாட்டுகளைச் சிலர் தாளத்தோடு பாடுவார்கள், சிலர் பேச்சின் ஓட்டத்தில் தாளமில்லாமல். இரண்டுக்கும் தாளில் இடம் இருக்கிறது.

வாத்தியம் வெறும் கற்பனையும் இல்லை. எஸ்கோரியலின் ஒரு சுவடியில் பத்துப் பாட்டுக்கு ஒரு படம் வீதம் 40 படங்களில் ஃபிடில், ஊத், யாழ், சந்தூர் போன்ற சால்டரி, பைக்குழல் எல்லாம் வாசிக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு எது வாசித்தார்கள், என்ன வாசித்தார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. ஆகவே ஒரு பதிவில் முன்னிசை, இடையிசை, இணைக்குரல், சுருதி எது கேட்டாலும் அது இன்றைய கலைஞரின் முடிவு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்து கேட்டால் போதும்.

கேட்கத் தொடங்க ஒரு வழி: முதலில் பத்தாவது மாதா பாட்டை, கூடியவரை வாத்தியம் குறைந்த பதிவில், சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு. ஓரேஸ் என்ற ஓசை எங்கே திரும்புகிறது, மெட்டு எங்கே திரும்புகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அடுத்து கோடாஷின் அலைப்பாட்டை இரண்டு வேறு பாடகர்களிடம். கடைசியாகக் கதெனெத்தின் விடியல் பாட்டையும் 340ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள், எந்த வரிசையிலும்.